கொசுறு கொடுத்தும் சரக்கு நகரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பாத்திரக் கடை வைத்து எனக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரும்புத் தோசைக்கல், பணியாரக்கல், வாணலி, சேலம் பக்கத்திலிருந்து வரும் கல்சட்டி, இவைதான் முக்கியச் சரக்கு. பாதிப்பேர் கடைக்கு வந்து தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். மீதிப்பேர் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துவிட்டுப் பார்சலில் வரவழைக்கிறார்கள். பொருளோடு கூட ஏதாவது கொடுத்தால் விற்பனை கூடும் என்று நம்பி, இந்த வழியில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றை நானே செய்து பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் டப்பா கொடுத்தேன், ஸ்பூன் செட் கொடுத்தேன், ஒரு தீபாவளிக்குக் குலுக்கல் சீட்டுகூடக் கொடுத்தேன்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கடையில் எந்த அறிகுறி தெரிகிறதோ நேரே அதற்குப் போய்விடலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மின்விசிறி சுற்றவில்லை என்று கண்டென்சரையும் ரெகுலேட்டரையும் ஒன்றாக மாற்றியவருக்கு எது பழுது என்பது கடைசிவரை தெரியாது. விலையையும் கொசுறையும் ஒரே வாரத்தில் மாற்றியவர் கதியும் அதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். கொசுறே இல்லாத நாளில் உங்கள் பொருள் கொஞ்சமாவது விற்கிறதா? விற்கவில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் பொருளைக் கவனியுங்கள். ஊசிப்போன சாம்பாருக்கு அப்பளம் பொரித்து வைத்துப் பயனில்லை.

"வாங்கிக்கொள்கிறார்கள், நன்றி சொல்கிறார்கள், விற்பனை மட்டும் அசையவில்லை"

கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் புகார் இது. முதலில் சோதிக்க வேண்டியது, கொசுறும் பொருளும் ஒரே அடுப்புக்குப் போகின்றனவா என்பதை.

காய்கறிக்கார அம்மா கறிவேப்பிலையையும் நாலு கொத்தமல்லித் தழையையும் கிள்ளிப் பையில் போடுகிறார். சீப்போ ஊக்கோ போடுவதில்லை. நீங்கள் வாங்கிய கத்தரிக்காய் எந்தக் குழம்பில் விழுகிறதோ அதே குழம்பில்தான் அந்தக் கறிவேப்பிலையும் விழப்போகிறது. வீட்டில் அது இல்லையென்றால் தாளிக்கிற நேரத்தில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். அந்த நடையை அவர் மிச்சப்படுத்துகிறார். அவர் கொடுப்பதன் விலை ஐந்து ரூபாய்கூட இருக்காது. ஆனால் அவரிடமே திரும்பப் போகிறோம்.

நான் பிளாஸ்டிக் டப்பா கொடுத்துக்கொண்டிருந்த காலம். தோசைக்கல் வாங்கிப்போன ஒரு வயதான அம்மாள் நான்காம் நாள் கல்லைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு திரும்ப வந்தார். "உன் டப்பாவில் துவரம்பருப்பு போட்டு வைத்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது அம்மா. கல்லைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாவு ஒட்டிக்கொண்டு எழும்பவே மாட்டேன் என்கிறது" என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான். பிரித்துப் பார்த்தால், கல்லைப் பழக்கவே இல்லை, அதாவது மாவு ஒட்டாதபடி எண்ணெய் ஏற்றிப் பக்குவப்படுத்தவே இல்லை. பட்டறையிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, அன்று மாலையே மாவு ஊற்றியிருக்கிறார். அவர் வீட்டில் இருபது ஆண்டுகளாக நான்ஸ்டிக்தான். மாமியாரின் பழைய கல் இருந்தவரை அதைப் பழக்கியது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்லை.

நான் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது டப்பா அல்ல என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த வாரம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். வாங்கிப்போனவர்கள் முதல் ஏழு நாளில் எதற்காக ஃபோன் செய்கிறார்கள், எதற்காகத் திரும்பி வருகிறார்கள் என்பதை மட்டும் அதில் எழுத வேண்டும். இரண்டு மாதத்தில் பட்டியல் தானாகக் கிடைத்தது: மாவு ஒட்டுகிறது. துரு ஏறுகிறது. கைப்பிடி சுடுகிறது. எந்த எண்ணெய் தடவுவது. எவர்சில்வர் தோசைத்திருப்பி போட்டால் கல் கீறுமா. இந்தக் கேள்விகளில்தான் கொசுறு ஒளிந்திருக்கிறது. இப்போது என் தோசைக்கல்லோடு போவது ஒரு தடித்த கரித்துணி, ஒரு கைப்பிடித் தேங்காய் நார், பழக்கும் முறை அச்சிட்ட ஒரு தாள். மூன்றும் சேர்ந்து அந்த டப்பாவைவிடக் குறைந்த செலவு.

மற்ற தொழில்களிலும் இதே சோதனை செல்லும். தையல் வகுப்பு நடத்தும் என் தோழி, சேர்பவர்களுக்கு ஒரு மலிவுக் கத்தரிக்கோல் கொடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் தடுமாறியது வெட்டுவதில் அல்ல, அளவு எடுத்துத் துணியில் குறிப்பதில். இப்போது 32 முதல் 40 வரையிலான ரவிக்கைப் பேப்பர் கட்டிங் தருகிறார். விதை விற்பவருக்கு இது ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்காக இருக்கலாம். வீட்டுக்குப் போன முதல் நாள் இரவு வாங்கியவர் கையில் என்ன இல்லாமல் முழிப்பார் என்று கேட்டுப்பாருங்கள். விடை தெரியவில்லை என்றால் நோட்டுப் புத்தகம் வையுங்கள்.

"அது வேண்டாம், அதற்குப் பதில் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள், அக்கா"

எப்போதாவது ஒருவர் கேட்டால் அது பேரம், விட்டுவிடலாம். பலரும் கேட்டால் கொசுறின் விலை ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று பொருள். ஸ்பூன் செட் என்ன விலை என்று எந்தத் தெருவிலும் தெரியும். விலை தெரிந்த பொருளைக் கொசுறாகக் கொடுத்தால் வாங்குபவர் மனத்தில் அது உடனே ரூபாயாக மாறிவிடுகிறது. பிறகு அவர் ரூபாயாகவே கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

விலை போட முடியாத ஒன்றைக் கொடுத்தால் இந்தக் கேள்வி எழுவதில்லை. "கல்லைப் பழக்கியே தருகிறேன், நாளைக் காலையே தோசை வார்க்கலாம்" என்றால் அதற்குப் பதிலாக ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்பவர் அரிது. மூன்று நான்கு நாள் வேலை மிச்சம் என்பது அவருக்குத் தெரியும். அதன் விலை எந்தக் கடையிலும் எழுதி ஒட்டப்படவில்லை.

இதை மாற்றிய பிறகும் எல்லோரும் குறைக்கச் சொல்கிறார்கள் என்றால் கோளாறு கொசுறில் இல்லை. உங்கள் விலை கூடுதல், அல்லது அந்த விலைக்கான காரணம் அவர்களுக்குத் தெரியவில்லை. எடை கூடிய கல்லுக்கும் எடை குறைந்த கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் காட்டவில்லை. தராசில் வைத்துக் காட்டுங்கள். அதற்குச் செலவே இல்லை.

"விற்பனை கூடியது, மாதக் கடைசியில் கல்லாவில் பணம் இல்லை"

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது உதாரணக் கணக்குதான்; உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு தோசைக்கல் 900 ரூபாய்க்கு விற்கிறது. கொள்முதலும் மற்றச் செலவும் 620. நிற்பது 280. மாதம் 40 கல் போனால் 11,200 ரூபாய். இப்போது 60 ரூபாய்க்குக் கொசுறு சேர்க்கிறோம். ஒரு கல்லில் நிற்பது 220 ஆகிறது. பழைய 11,200 கைக்கு வர வேண்டுமானால் 51 கல் விற்க வேண்டும். 46 கல் விற்று "ஆறு கல் கூடிவிட்டது" என்று மகிழ்ந்தவர் உண்மையில் 1,080 ரூபாய் இழந்திருக்கிறார். கூடுதலாகக் கட்டியது, சுமந்தது, ஃபோன் பேசியது எல்லாம் தனி.

இந்தக் கணக்கைப் பெரும்பாலோர் போட்டுவிடுகிறார்கள். தப்பிப்போவது கூரியர். பார்சல் கட்டணம் பெரும்பாலும் அரைக்கிலோவுக்கு ஒரு படியாக ஏறும். அட்டைப்பெட்டியோடு என் கல் ஒன்று 2 கிலோ 440 கிராம் வந்தது. இரண்டரைக் கிலோ படிக்குள் அடக்கம். மரக்கரண்டி ஒன்றைச் சேர்த்தேன். 90 கிராம்தான். 2 கிலோ 530 ஆகி அடுத்த படிக்குத் தாவிவிட்டது. கரண்டியின் விலையைவிட அந்தத் தாவலுக்குக் கொடுத்தது அதிகம், அதை மூன்று வாரம் கழித்து ரசீதுகளை அடுக்கும்போதுதான் கவனித்தேன். பார்சல் வியாபாரம் செய்பவர்கள் கொசுறைத் தேர்ந்தெடுக்கும் முன் கடைத் தராசில் பெட்டியோடு வைத்துப் பாருங்கள். தாள், துணி, நார் எல்லாம் படிக்குள் ஒளிந்துகொள்ளும். கண்ணாடி, மரம், எண்ணெய்ப் புட்டி ஒளியாது.

எடையும் சரி, கணக்கும் சரி, இன்னும் பணம் நிற்கவில்லை என்றால் எல்லா விற்பனைக்கும் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். 150 ரூபாய்த் தாளிக்கும் கரண்டி வாங்குபவருக்கும் அதே மூட்டையைக் கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

"இலவசம் என்று சொல்லிவிட்டு விலையில் ஏற்றிவிட்டீர்கள்"

இப்படி ஒருவர் சொன்னால் முதலில் கோபப்படாமல் உங்கள் பழைய ரசீதைப் பாருங்கள். கொசுறு தொடங்கிய வாரத்தில் விலையும் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் அவர் சொல்வது சரி.

இது நாணயம் மட்டும் அல்ல, சட்டமும்கூட. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)-ஆம் பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறை எவை என்று பட்டியலிடுகிறது. கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பது அதில் ஒன்று. வாங்கும் தொகையிலேயே முழுவதுமாகவோ பகுதியாகவோ அடங்கிவிட்ட ஒன்றை இலவசம் என்ற தோற்றத்தில் காட்டுவதும் அதில் வருகிறது. விற்பனையைக் கூட்டுவதற்காகக் குலுக்கல் நடத்துவதும் அதே பட்டியலில் இருக்கிறது. என் தீபாவளிக் குலுக்கலுக்கு அடுத்த மாதம், வாணலி வாங்க வந்த வக்கீல் ஒருவர் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். அன்றோடு சீட்டுப் பெட்டியை எடுத்துப் பரணில் போட்டேன். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிமுறைகளிலும் இலவசம் என்று விளம்பரப்படுத்துவதற்குத் தனிப் பகுதி இருக்கிறது.

சரிசெய்வது எளிது. செலவு விலையில் சேர்ந்திருந்தால் "இலவசம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "கரித்துணி, நார், பழக்கும் முறைத் தாள் ஆகியவற்றுடன்" என்று எழுதினால் போதும். உண்மையும் அதுதான், கேட்கவும் கண்ணியமாக இருக்கிறது. இலவசம் என்ற சொல் நம் ஊரில் ஏற்கெனவே ஏகப்பட்ட பாரம் சுமந்த சொல். 2011-இல் அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தபோது அதுவே அந்தச் சொல்லைத் தவிர்த்து "விலையில்லா" என்றுதான் எழுதியது. அதற்கு அவர்களின் காரணம் வேறு. நமக்குப் பாடம் ஒன்றுதான்.

"ஆடிட்டர் பில்லைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்"

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு மட்டும். பொருளைப் பரிசாகவோ மாதிரியாகவோ சும்மா கொடுத்தால், அதை வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியாது, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் "ஒன்று வாங்கினால் ஒன்று சேர்த்து" என்ற வகையில் இரண்டையும் ஒரே விலைக்குச் சேர்த்து விற்றால், அது சும்மா கொடுத்ததாகாது. ஒரு விலைக்கு இரண்டு பொருள் விற்றதாகவே கொள்ளப்படும், வரி வரவும் கிடைக்கும் என்று 2019 மார்ச் 7-ஆம் தேதிச் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. இதில் ஒரு முள் உண்டு: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத, வெவ்வேறு வரிவிகிதமுள்ள பொருள்களை ஒரே விலையில் கட்டினால் அது கலப்பு வழங்கல் ஆகி, இருப்பதிலேயே அதிகமான விகிதம் மொத்தத்துக்கும் விழலாம். பில்லில் எப்படி எழுதுவது என்பதைத் திட்டம் தொடங்கும் முன் கேளுங்கள், முடிந்த பின் அல்ல.

"சும்மா வந்த பொருள் கெட்டுப்போனதற்குக் காசு கொடுத்து வாங்கியதைத் திட்டுகிறார்கள்"

திட்டத்தான் செய்வார்கள். வாங்கியவருக்கு எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை. என் அனுபவத்தில் இரண்டு முறை நடந்தது. ஒருமுறை நல்லெண்ணெய்ச் சிறு பொட்டலம் ஒன்றைக் கல்லோடு வைத்து அனுப்பினேன். கல்லைப் பழக்க அதுதானே வேண்டும் என்ற நல்ல எண்ணம். வழியில் யாரோ பெட்டியைத் தலைகீழாகப் போட்டார்கள். பொட்டலம் வெடித்து அட்டை முழுக்க எண்ணெய், முகவரியே அழிந்து, பார்சல் திரும்பி வந்தது. இன்னொரு முறை மரக்கரண்டி. ஈரம் காயாத மரத்தில் கடைந்தது போலிருக்கிறது. வாங்கியவர் வீட்டில் ஒரே மாதத்தில் பிளந்துவிட்டது. கரண்டிப் படத்தைப் போட்டு, "இவர்கள் கல் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்" என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டார். கல்லில் ஒரு குறையும் இல்லை.

கொசுறாகக் கொடுக்கப்போவதை முதலில் விலைக்கு வைத்து விற்றுப்பாருங்கள். ஒரு மாதத்தில் பத்துப் பேராவது காசு கொடுத்து வாங்கி, ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை என்றால் அது கொசுறாகும் தகுதி பெற்றது.

"ஐந்தாறு பொருள் சேர்த்துக் கொடுக்கிறேன், சந்தேகமாகப் பார்க்கிறார்கள்"

தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். நினைப்பது பல நேரம் சரியும்கூட. கொசுறுப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இதைக் கொடுப்பது அவருக்குத் தேவை என்பதாலா, எனக்கு இடம் காலியாக வேண்டும் என்பதாலா" என்று எழுதுங்கள். இரண்டாவது விடை வந்ததையெல்லாம் எடுத்துத் தள்ளுபடி மேசையில் போட்டு வெளிப்படையாக விற்றுவிடுங்கள். மூன்றுக்கு மேல் கொசுறு எனக்கு எந்தப் பொருளிலும் வேலை செய்ததில்லை.

"கொடுத்ததை நிறுத்தினேன், வருகிறவர்களும் நின்றார்கள்"

எப்போதும் கொடுப்பது, எப்போதாவது கொடுப்பது என்று கொசுறு இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இந்த அறிகுறி வரும். தொடர்ந்து ஒரு வருடம் கொடுத்த பொருள் வாங்குபவர் கணக்கில் விலைக்குள் சேர்ந்துவிடுகிறது. அதை நிறுத்துவது அவருக்கு விலை ஏற்றம்தான்.

நம் ஊரில் இதைச் சரியாகச் செய்வது தினசரிக் காலண்டர். மளிகைக் கடையும் நகைக் கடையும் ஜவுளிக் கடையும் வருடத்துக்கு ஒருமுறைதான் அதைக் கொடுக்கின்றன. பிப்ரவரியில் போய் ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. கொடுக்கும் நாளும் முடியும் நாளும் எல்லோருக்கும் தெரியும். அதன் வேலை ஒரு நாளில் முடிவதுமில்லை. ராகுகாலம் பார்க்கவும் பால் கணக்கு எழுதவும் வருடம் முழுவதும் சுவரில் கடைப் பெயரோடு தொங்குகிறது. கொடுப்பவர்களும் கடைசி நேரத்தில் அலைவதில்லை. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஜனவரிக் கொசுறுக்கு ஆகஸ்டிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. நாமோ தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால்தான் என்ன கொடுக்கலாம் என்று யோசிக்கிறோம்.

எப்போதாவது கொடுப்பதென்றால் தொடங்கும்போதே முடியும் தேதியையும் எண்ணிக்கையையும் எழுதி ஒட்டுங்கள்: "பொங்கல்வரை, முதல் 100 பேருக்கு." 'கையிருப்பு உள்ளவரை' என்று மட்டும் எழுதினால், கையிருப்பு எவ்வளவு என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, நூற்றியோராவது ஆளாக வெயிலில் வந்தவர் உங்களை நம்ப மாட்டார். என் கடையில் அந்த ஆளுக்கென்று நாலைந்து எண்ணிக்கையைத் தனியாக எடுத்து வைக்கிறேன். எழுதி ஒட்டுவது மட்டும் நூறுதான்.

ஏற்கெனவே தவறிவிட்டீர்கள், இப்போது நிறுத்தியாக வேண்டும் என்றால், ஒரே நாளில் நிறுத்தாமல் அதைத் தனி விலைக்கு அருகிலேயே வையுங்கள். துணிப்பையில் நான் அப்படித்தான் செய்தேன். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது எல்லோருக்கும் துணிப்பை சும்மா கொடுக்கத் தொடங்கி, கட்டுப்படியாகாமல் மாட்டிக்கொண்டேன். பிறகு பையை விலைக்கு வைத்து, பழைய பையோடு வருபவருக்குச் சிறு தொகை கழிவு என்று மாற்றினேன். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. இப்போது மஞ்சப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

"குறிப்புத் தாள் கொடுக்கிறேன், யாரும் படிப்பதில்லை"

நீங்கள் எட்டுப் பக்கம் அச்சிட்டிருப்பீர்கள். நானும் அச்சிட்டேன், இரும்பின் வரலாற்றோடு. படித்தவர் யாரும் இல்லை. ஒருவர் வீட்டில் அதைக் கல்லுக்கு அடியிலேயே விரித்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

இப்போதைய தாள் ஒரே பக்கம், எழுத்து பெரிது, மூக்குக்கண்ணாடி இல்லாமல் அடுப்படியில் படிக்கலாம். நாள் கணக்கில் எழுதியிருக்கிறேன். முதல் நாள் கழுவி, வடித்த கஞ்சியிலோ அரிசி கழுவிய தண்ணீரிலோ ஊறவைக்க வேண்டும். இரண்டாம் நாள் தண்ணீரை மாற்ற வேண்டும். மூன்றாம் நாள் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, சிறு தீயில் சூடாக்கி, நல்லெண்ணெய் ஊற்றிப் பாதி வெங்காயத்தால் கல் முழுவதும் தேய்த்து, ஆறவிட்டு, இரவு அப்படியே வைத்துவிட வேண்டும். நான்காம் நாள் மறுபடி அதே வெங்காயம், அதே எண்ணெய். முதல் இரண்டு மூன்று தோசை பிய்ந்துதான் வரும் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரி சேர்த்த பிறகு ஃபோன் கணிசமாகக் குறைந்தது. கடைசி வரி பெரிய எழுத்தில்: "இந்தக் கல்லில் சப்பாத்தி போடாதீர்கள்." எண்ணெய் இல்லாமல் காய்ந்து பழக்கம் போய்விடும், மறுநாள் தோசை ஒட்டும்.

தாளை வைக்கும் இடமும் முக்கியம். பெட்டியின் ஓரத்தில் செருகினால் பெட்டியோடு குப்பைக்குப் போகும். கல்லின் முகத்தில், நார் கட்டுக்கு அடியில் வையுங்கள். அதை எடுக்காமல் கல்லைத் தொட முடியக்கூடாது.

"பக்கத்துக் கடையும் அதையே கொடுக்கத் தொடங்கிவிட்டது"

பொருளாகக் கொடுக்கும் எதையும் ஒரே வாரத்தில் பார்த்துச் செய்துவிடலாம். கோயம்புத்தூர்க் கிரைண்டர்களோடு தேங்காய்த் துருவியும் மாவு பிசையும் இணைப்பும் வருவது இன்று யாருக்கும் வியப்பாக இல்லை. முதலில் கொடுத்தது யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

வேலையாகக் கொடுப்பதை அவ்வளவு எளிதில் பின்பற்ற முடியாது. என் கடையில் வாங்கிய கல் துருவேறினாலோ பழக்கம் போனாலோ ஒருமுறை கொண்டுவந்தால் தேய்த்துப் பழக்கித் தருகிறேன். நேரில் வருபவர்களுக்கு மட்டும். பார்சலில் வாங்கியவர்களுக்குத் துருவின் படத்தைப் பார்த்துக் குரல் பதிவில் வழி சொல்கிறேன். கொண்டுவருபவர்கள் நான் பயந்த அளவுக்கு இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் காத்திருக்கும் நேரத்தில் பணியாரக்கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். அம்மிக்கல் விற்பவர் யாராவது இதைப் படித்தால் முதல் கொத்தலைச் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். அம்மி கொத்துகிறவரைத் தெருவில் கேட்டுப் பல நாளாகிறது. வழுவழுத்துப்போன அம்மியை என்ன செய்வதென்று இன்றைக்கு வாங்குபவருக்குத் தெரியாது.

"எதைச் சேர்த்தாலும் வேண்டாம் என்கிறார்கள்"

எனக்கு இது கல்சட்டியில் மட்டும் நடந்தது. துணி வேண்டாம், நார் வேண்டாம், பழக்கும் முறை தெரியும், பாட்டி வீட்டில் பார்த்திருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறார்கள். பழக்கியே தருகிறேன் என்றால் சிலர் மட்டும் கேட்டார்கள். ஆனால் விலை விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்கள் நிறைய. நோட்டுப் புத்தகத்தில் பதில் இருந்தது, நான்தான் கொசுறாக நினைக்கவில்லை. ஏறத்தாழ எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "உடையாமல் வந்து சேருமா?"

கல்சட்டி கடையும் மாக்கல் மென்மையான கல். நகத்தால் கீறினாலே கோடு விழும். கீழே போட்டால் போயிற்று. ஆகவே கல்சட்டிக்கு இப்போது நான் எந்தப் பொருளும் சேர்ப்பதில்லை. வைக்கோல் பிரி சுற்றி, உள்ளேயும் வைக்கோல் திணித்து, இரண்டு பெட்டி ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டுகிறேன். உடைந்து வந்தால் பெட்டியைப் பிரிக்கும் வீடியோவை அனுப்பினால் போதும், வேறு சட்டி வரும் என்று எழுதித் தருகிறேன். கடந்த வருடம் அப்படி மூன்று சட்டி மாற்றிக் கொடுத்தேன். அதில் ஒருவர், வைக்கோலைத் தன் மாட்டுக்குப் போட்டுவிட்டதாகவும் அடுத்த பார்சலில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைக்கும்படியும் செய்தி அனுப்பியிருந்தார்.